குடிக்காத மண்: துளியா, சரக்கா, கருவியா?

“தம்பி, மண்ணு தண்ணி குடிக்கலீங்க.”

ஏப்ரல் மாதம், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் நாற்றங்கால். காப்பி நாற்றுப் பைகளுக்குப் பூவாளியில் தண்ணீர் விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மேல்மண் கறுத்து, நன்றாக நனைந்த மாதிரிதான் இருந்தது. அக்கா சொன்னதை நான் நம்பவில்லை. அவர் பேசாமல் ஒரு பையை எடுத்துக் கத்தியால் நெடுக்காகக் கிழித்துக் காட்டினார். மேலே ஒரு விரல்கடைக்கு ஈரம். பாலித்தீனை ஒட்டி ஓரத்தில் நாடா மாதிரி கொஞ்சம் ஈரம். நடுவில் மாவாக உதிரும் காய்ந்த மண். நாற்றின் வேர் அந்த நடுவில்தான் இருந்தது. ஒரு வாரமாக விட்ட தண்ணீர் பையின் ஓரமாக இறங்கி அடித் துளை வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மண் இறுகிப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இறுகிய மண் விரலுக்கு அசையாது. இது பொலபொலவென்று உதிர்ந்தது. கொஞ்சம் அள்ளி ஒரு தட்டில் பரப்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாமரை இலைத் தண்ணீர் என்பார்களே, அது மண்ணிலேயே நடந்தது. துளி உருண்டையாக, தூசியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எங்கள் பைக் கலவை வழக்கமான கணக்குதான்: காட்டு மண் ஆறு பங்கு, மட்கிய தொழுவுரம் இரண்டு, மணல் ஒன்று. அந்த வருடம் காட்டு மண்ணைத் தைல மரத் தோப்பின் ஓரத்தில் அள்ளியிருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். தைல மரம், பைன் போன்ற மரங்களின் சருகிலிருந்து வரும் மெழுகும் கொழுப்பு அமிலங்களும், சருகை மட்கவைக்கும் பூஞ்சைகள் விட்டுச் செல்லும் பொருள்களும், மண் துகள்மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. ஈரம் இருக்கும்வரை இது வெளியே தெரியாது. ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் அந்தப் பூச்சு தண்ணீரை மறுக்க ஆரம்பிக்கும். மணல்பாங்கான மண்ணில் இந்தத் தொல்லை அதிகம். துகள் பெரிதாக இருந்தால் மொத்தப் பரப்பு குறைவு. கொஞ்சம் மெழுகே எல்லாவற்றையும் மூடிவிடும். ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட மணல் நிலங்களில் களிமண்ணைக் கொட்டிக் கலப்பதே ஒரு பண்ணை வேலையாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

இந்த மண்ணைப் பரிசோதனைக்கும் கொடுத்துப் பார்த்தேன். கார அமில நிலை, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் அச்சடித்து வந்தது. தண்ணீர் உள்ளே போகுமா என்பதற்கு அதில் கட்டமே இல்லை. சரி, நாமே அளந்துகொள்வோம் என்று இறங்கினால், அளக்க ஒரு வழி இல்லை, அரை டஜன் வழி இருக்கிறது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. அளந்தபின் என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

என்னிடம் மூன்று முடிவுகள் காத்திருந்தன. லாரியில் வரும் காட்டு மண்ணை, தேங்காய் நார்த்தூளை இறக்குவதா, திருப்பி அனுப்புவதா என்பது ஒன்று. கோடையில் தீ ஏறிய சரிவில், மழைக்கு முன்னால் எந்தப் பட்டையில் கல்வரப்பு போடுவது, எதற்கு மூடாக்கு போதும் என்பது இரண்டாவது. மூன்றாவது என்னுடையதல்ல. சேலத்தில் ஓமலூர் ரோட்டில் பேவர் பிளாக் போடும் நண்பன், தரைக்கடியிலிருந்து ஏறும் ஓதத்தைத் தடுக்க சிலிக்கோன் பூசிய மணலை ஒரு அடுக்காகப் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தண்ணீரை மறுக்காத மண் வேண்டும். அவனுக்கு மறுத்தே தீரும் மணல் வேண்டும்.

துளி

இதைவிட மலிவான சோதனை கிடையாது. காய்ந்த மண்ணை இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, தட்டில் பரப்பி, மேலே லேசாகச் சமப்படுத்தி, ஒரு துளி விட்டு, அது முழுதாக உள்ளே போக எத்தனை நொடி என்று கைபேசியில் பார்ப்பது. உலகம் முழுக்கப் புழங்கும் வகைப்பாடு இது: 5 நொடிக்குள் போனால் நல்ல மண். 5 முதல் 60 நொடி வரை லேசான மறுப்பு. 60 முதல் 600 வரை வலுவான மறுப்பு. 600 முதல் 3600 வரை கடுமை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் உச்சம். என் பைமண் நாலாவது வகையில் இருந்தது.

சோதனை எளிது, கெடுத்துக்கொள்வது அதைவிட எளிது. மாவட்டத்துக்கு மாவட்டம், ஆளுக்கு ஆள் முடிவு மாறுகிறது என்று இந்தச் சோதனையைக் குறை சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சோதனையின் குற்றம் அல்ல அது.

முதலாவது, துளியின் அளவு. சுமார் 0.05 மில்லி இருந்தால் சரி. மருந்து சொட்டுவிடும் டிராப்பரில் 20 சொட்டு விட்டு ஒரு மில்லி வந்தால் உங்கள் டிராப்பர் சரியானது. நான் முதலில் இன்சுலின் ஊசியை எடுத்தேன், கோடு போட்டு அழகாக அளவு இருக்கிறதே என்று. அந்த ஊசிமுனை மயிரிழை போல இருப்பதால் அதில் தொங்கும் துளி ஏழெட்டு மைக்ரோலிட்டருக்குமேல் வளராது, அதற்குள் விழுந்துவிடும். அதாவது வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு. டிராப்பருக்கே திரும்பினேன். உயரமும் முக்கியம்: ஒரு சென்டிமீட்டருக்குள் வைத்து விட வேண்டும். மேலிருந்து விட்டால் துளி மண்ணில் குழி பறித்து, அந்த வேகத்திலேயே உள்ளே போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் பலர் தேவையில்லாத இடத்தில் கவலைப்படுகிறார்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு இந்தச் சோதனையைப் பெரிதாகப் பாதிக்காது; உப்பால் தண்ணீரின் பரப்பு இழுவிசை சொற்பமாகத்தான் மாறும். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோப்புதான் எதிரி. சோப்பு அந்த இழுவிசையை ஒரேயடியாகக் குறைத்துவிடும். மறுக்கும் மண்கூட நல்ல மண்ணாகத் தெரியும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர், புதிய டிராப்பர், அவ்வளவு போதும்.

அப்புறம் பெரிய விஷயம்: மண்ணின் ஈரம். வயலிலிருந்து அள்ளிய ஈரத்தோடு அளந்தால் அன்றைய நிலை தெரியும். காயவைத்து அளந்தால் அந்த மண் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது தெரியும். இரண்டும் வேறு வேறு கேள்வி. ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு ஈர எல்லை இருக்கிறது. அதற்கு மேலே இருந்தால் தண்ணீரை வாங்கிக்கொள்ளும், கீழே போனால் மறுக்கும். எங்கள் காட்டு மண்ணை மழை விட்ட கையோடு சோதித்திருந்தால் துளி மளமளவென்று உள்ளே போயிருக்கும், நானும் சந்தோஷமாக இறக்கியிருப்பேன். ஆகவே லோடு வாங்குவதற்காக என்றால் காயவைத்துத்தான் பார்க்க வேண்டும். சரிவில் இன்று மழை பெய்தால் என்ன ஆகும் என்று பார்க்க என்றால் காயவைக்காமல் அப்படியே பார்க்க வேண்டும்.

காயவைப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. ஆய்வகப் பழக்கப்படி 105 டிகிரி அடுப்பில் வைத்தால் அந்தச் சூடே மெழுகுப் பூச்சை மாற்றிவிடும், மறுப்பு கூடவோ குறையவோ செய்யும். நிழலில், காகிதத்தில் பரப்பி, காற்றில் உலர்த்துவதுதான் நம்பகமானது. கட்டிகளை அம்மியில் வைத்து நுணுக்காதீர்கள். நுணுக்கினால் பூச்சு இல்லாத உட்பரப்பு வெளியே வந்து மண்ணை நல்லவனாகக் காட்டும்.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. காற்றின் ஈரப்பதம் ஏறினால், உலர்ந்த மண்ணின் மறுப்பும் ஏறலாம் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஈரப்பதம் கூடினால் மண் தண்ணீரை எளிதாக வாங்கும் என்றுதான் யாரும் நினைப்போம், நடப்பது தலைகீழ். வெப்பம் கூடினாலோ துளி சீக்கிரம் போகும். ஏற்காட்டில் பனிமூட்டத்தில் ஒரு மண்ணைச் சோதித்துவிட்டு, அதே மண்ணை இருபது கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலம் அஸ்தம்பட்டியில் மே மாத மொட்டை மாடி அறையில் சோதித்தால், இரண்டு எண்ணும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. நான் மாதிரிகளை எல்லாம் ஒரே அறையில் இரண்டு நாள் திறந்து வைத்து, ஒரே நாளில் சோதிக்கிறேன். ஒரு மாதிரியை மட்டும் தனியாகச் சோதிப்பதை விட்டே விட்டேன். பக்கத்தில் எப்போதும் பழைய, நல்ல பைமண் ஒரு தட்டு இருக்கும், ஒப்பிட.

எத்தனை துளி? மூன்று என்று பலர் எழுதுகிறார்கள். ஒரே தட்டில் ஒரு துளி 20 நொடியில் போகும், பக்கத்துத் துளி பத்து நிமிடம் நிற்கும். இந்த மண்ணின் குணமே அது. சராசரி எடுத்தால் அந்த ஒரு பிடிவாதத் துளி கணக்கையே இழுத்துவிடும். நான் ஒன்பது துளி விட்டு, நேரங்களை வரிசைப்படுத்தி, ஐந்தாவதை எடுத்துக்கொள்கிறேன்.

துளிச் சோதனை தோற்கும் இடம் இரண்டு முனைகளில். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் மண்ணில், அதுவும் சேலத்து வெயிலில், துளி மண்ணுக்குள் போனதா, காற்றில் போனதா என்று தெரியாது. தட்டை மூடி வைத்தால் கொஞ்சம் சமாளிக்கலாம். மறுமுனையில், 5 நொடிக்குள் துளி போய்விட்டால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. அதற்குக் கருவியிடம் வருகிறேன்.

சரக்கு

துளிச் சோதனை சொல்வது, மறுப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை. எவ்வளவு பலமாக மறுக்கிறது என்பது வேறு. ஒருவர் ‘மாட்டேன்’ என்று கத்திவிட்டு இரண்டு நிமிடத்தில் இறங்கி வருவார்; இன்னொருவர் முணுமுணுத்தபடியே நாள் முழுக்க அசையமாட்டார். மண்ணிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. பலத்தை அளக்க ஆல்கஹால்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரியில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், எத்தனாலுக்கு 22 அளவில். தண்ணீரில் எத்தனாலைக் கலக்கக் கலக்க இழுவிசை இறங்கும், துளி தன்னை உருட்டிக்கொள்ளும் பிடிவாதம் குறையும். அதனால் எவ்வளவு எத்தனால் சேர்த்தால் துளி சட்டென்று உள்ளே போகிறது என்று பார்த்தால் மறுப்பின் பலம் தெரிந்துவிடும். அதிகம் புழங்கும் ஒரு வரிசை 3, 5, 8.5, 13, 24, 36 சதவீதம். 5 நொடிக்குள் உள்ளே போகும் மிகக் குறைந்த கலவைதான் விடை. 5 சதவீதத்தில் போனால் லேசான மறுப்பு, 13இல் போனால் வலுவானது, 36 தேவைப்பட்டால் உச்சம். ஆஸ்திரேலியப் பழக்கத்தில் மோலார் கணக்கும் 10 நொடி எல்லையும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மோலார் என்பது லிட்டருக்கு 58 மில்லி சுத்த எத்தனால். யாருடைய எண்ணோடாவது ஒப்பிடும்போது அது 5 நொடியா 10 நொடியா என்று முதலில் கேளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது வேகம். ஒரு மணி நேரம் துளிக்குக் காவல் காக்க வேண்டாம். ஒரு மாதிரி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். வெயில், ஆவி என்ற குழப்பம் இல்லை. கடுமையான மறுப்புள்ள நாலைந்து மண்ணை ஒன்றோடு ஒன்று தரம் பிரிக்க இதற்கு இணை இல்லை.

பிரச்சினை எத்தனால்தான். தமிழ்நாட்டில் அதைக் கடையில் கேட்டு வாங்கிவிட முடியாது. ஆய்வகங்களே அனுமதி வைத்துத்தான் வாங்குகின்றன. மருந்துக் கடையின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதே சதவீதத்தில் அது எத்தனாலைவிட இழுவிசையை அதிகம் இறக்கிவிடும். உங்கள் மண்களை உங்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளலாம். மேலே சொன்ன வகைப்பாட்டோடு பொருத்தக் கூடாது. கை கழுவும் சானிடைசர் ஜெல் வேண்டவே வேண்டாம், அதில் கெட்டிப்படுத்தும் பொருளும் கிளிசரினும் இருக்கும்.

எங்கள் தோட்டத்து டிரைவர்தான் யோசனை சொன்னார்: “அண்ணே, குடிக்காத மண்ணுக்கு நம்ம சரக்கையே ஊத்திப் பாருங்களேன்.” சிரித்துவிட்டு யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. பிராந்தி, ரம் எல்லாம் கேரமல் நிறம் சேர்த்தவை, ஆகாது. வாசனை சேர்க்காத வோட்கா என்பது எத்தனாலும் தண்ணீரும்தான், கிட்டத்தட்ட. புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். 84 மில்லி எடுத்துத் தண்ணீர் விட்டு 100 மில்லி ஆக்கினால் 36 சதவீதம். 56 மில்லி எடுத்தால் 24. 30 எடுத்தால் 13. 20 எடுத்தால் 8.5, 12 எடுத்தால் 5, 7 எடுத்தால் 3. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போகிறவர் இப்படிச் செய்யக் கூடாது. லோடை இறக்குவதா வேண்டாமா என்பதற்குத் தாராளமாகப் போதும். சிறு புட்டிகளில் இறுக மூடி வையுங்கள். திறந்து வைத்தால் ஆல்கஹால் முதலில் பறந்து, 24 என்று எழுதிய புட்டியில் 20 இருக்கும். புட்டிகளைப் பூட்டியும் வைக்க வேண்டியிருந்தது, அது வேறு காரணத்துக்காக.

லேசான மறுப்புள்ள மண்ணில் இந்த முறைக்குக் கூர்மை குறைவு. துளிச் சோதனையில் 15 நொடி காட்டும் மண்ணும் 50 நொடி காட்டும் மண்ணும் இதில் ஒரே படியில் விழக்கூடும்.

வட்டுக் கருவி

துளி 5 நொடிக்குள் போய்விட்டது, ஆனாலும் மழை உள்ளே இறங்காமல் சரிவில் ஓடுகிறது. இப்படி ஒரு நடுநிலை உண்டு. துளி மண்ணைத் தொடும் கோணம் 90 பாகையைத் தாண்டினால்தான் மண் வெளிப்படையாக மறுக்கும். அதற்குக் கீழே, 60 பாகை என்று வைத்துக்கொள்வோம், தண்ணீர் போகும்; ஆனால் மண்ணின் நுண்துளைகள் தண்ணீரை இழுக்கும் விசை பாதியாகிவிடும், ஏனென்றால் 60 பாகையின் கொசைன் 0.5. துளிச் சோதனைக்கு இது கண்ணில் படாது.

இதற்குத்தான் 4.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டு ஊடுருவல்மானி. ஒரு இடத்தில் தண்ணீரும், பக்கத்தில் எத்தனாலும் எவ்வளவு வேகமாக உறிஞ்சப்படுகின்றன என்று முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் அளந்து, எத்தனாலின் உறிஞ்சு வேகத்தைத் தண்ணீரின் வேகத்தால் வகுத்து, 1.95ஆல் பெருக்க வேண்டும். எத்தனால் மெழுகைப் பொருட்படுத்தாமல் உள்ளே போகும் என்பதால் அது மண்ணின் உண்மையான கொள்ளளவைக் காட்டும். தண்ணீர் அதில் எத்தனை பங்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி. விடை 1 என்றால் மறுப்பே இல்லை. 3, 4 என்று போனால் அந்த அளவுக்கு உறிஞ்சும் திறன் பறிபோயிருக்கிறது.

கணக்கு அழகு. சேர்வராயன் சரிவில் அந்த வட்டு சமமாக உட்காராது என்பதுதான் என் அனுபவம். கல், வேர், சரிவு. ஒவ்வொரு இடத்திலும் மெல்லிய மணல் பரப்பி மட்டம் செய்ய வேண்டும். எத்தனால் பட்ட இடத்தில் மறுபடி தண்ணீர் அளக்க முடியாது, ஒரு சாண் தள்ளி அளந்தால் மண்ணே மாறியிருக்கும், ஆகவே பத்துப் பன்னிரண்டு இணைகள் எடுக்காமல் எண்ணை நம்ப முடியாது. எத்தனாலும் லிட்டர் கணக்கில் வேண்டும், வோட்கா கதை இங்கே எடுபடாது. இரவல் வாங்கிய கருவியை ஒரே நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சமவெளியில் பாசனத் தண்ணீர் கணக்குப் போடுபவர்களுக்கு, கல்லூரியில் படிப்பவர்களுக்கு இது நல்ல முதலீடு. எனக்கில்லை.

தீ ஏறிய சரிவு

இங்கே முறையைவிட ஆழம் முக்கியம். தீயின் சூடு சருகிலிருக்கும் மெழுகை ஆவியாக்கி, அது கீழே குளிர்ந்த மண்ணில் போய்ப் படியும். 175 முதல் 200 டிகிரி வரை சூடான மண்ணில் மறுப்பு பலமாகும். 280 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் மெழுகே எரிந்து மறுப்பு அழியும். ஆகவே மேலே சாம்பலும் சுட்ட மண்ணும் தண்ணீரை நன்றாகக் குடிக்கும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே ஒரு அடுக்கு குடிக்காது. மேலே மட்டும் துளி விட்டுப் பார்த்துவிட்டு ‘மண் நல்லாத்தான் இருக்கு’ என்று போனவர்களின் மண், முதல் கோடை மழையில் கீழ்த்தோட்டத்துக்குப் போய்விடும்.

கொத்துக்கரண்டியால் ஒரு சென்டிமீட்டர் ஒரு சென்டிமீட்டராகச் சுரண்டி, ஒவ்வொரு மட்டத்திலும் துளி விடுவதுதான் வழி. காயவைக்காமல், அங்கேயே. நொடிக் கணக்குகூட இங்கே அவ்வளவு முக்கியமில்லை. ஒரு நிமிடம் நிற்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்தேன். எங்கள் சரிவில் மேல் பட்டையில் அந்த அடுக்கு தொடர்ச்சியாக இருந்தது, கீழ்ப் பட்டையில் விட்டுவிட்டு. மேலே கல்வரப்பு, கீழே சருகு மூடாக்கு என்று முடிவானது. சரக்குப் புட்டிகளையும் வட்டையும் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தால் அன்று கால்வாசி இடத்தைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

நண்பனின் மணல்

பூசிய மணலில் துளிச் சோதனை வீண். துளி போகவே போகாது, காய்ந்து மறையும்வரை நிற்கும். நல்ல பூச்சுக்கும் மட்டமான பூச்சுக்கும் ஒரே விடைதான் கிடைக்கும். ஆல்கஹால் வரிசை இங்கே தரம் பிரிக்கும், மணல் விற்பவர்கள் தரும் இரண்டு மூட்டைகளில் எது மேல் என்று சொல்லிவிடும்.

தொடுகோணத்தை நேராகவே அளக்கலாம். கண்ணாடித் துண்டில் இருபக்கமும் ஒட்டும் டேப், அதன்மேல் ஒரே ஒரு அடுக்கு மணல், மேலே சின்னத் துளி, பக்கவாட்டில் கைபேசியில் படம். துளி வட்டத்தின் வில்லாக இருக்கிறது என்று கொண்டால், உயரத்தின் இரு மடங்கை அடி விட்டத்தால் வகுத்து, அதன் டேன் தலைகீழியை இரண்டால் பெருக்கினால் கோணம். அடி விட்டம் 2 மில்லிமீட்டர், உயரம் 1.4 என்றால் சுமார் 109 பாகை. துளி பெரிதானால் தன் எடையாலேயே தட்டையாகி, கோணத்தைக் குறைத்துக் காட்டும். நான் ஒதுக்கி வைத்த இன்சுலின் ஊசி இங்கே சரியாகப் பொருந்தியது. ஆனால் மணல் சொரசொரப்பு. மறுக்கும் பரப்பு சொரசொரப்பாக இருந்தால் கோணம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும் என்று வென்செல் என்ற ஆய்வாளர் 1936இலேயே காட்டிவிட்டார். ஆகவே இந்த எண் பூச்சின் குணம் மட்டுமல்ல, மணலின் வடிவமும் சேர்ந்தது.

குழாயில் மணலை அடைத்துத் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் முறையும் இருக்கிறது, வாஷ்பர்ன் என்ற ஆய்வாளர் 1921இல் எழுதிய சமன்பாட்டை வைத்து. கோணம் 90ஐத் தாண்டினால் தண்ணீர் ஏறவே ஏறாது என்பதால் அவனுக்குப் பயனில்லை.

அவனுக்கு வேண்டிய எண் கோணமே அல்ல என்று இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. அவன் தரைக்கடியில் தண்ணீர் தேங்கினால் எவ்வளவு உயரம் வரை அந்த மணல் அடுக்கு தாங்கும்? அதை நேரடியாகவே பார்த்துவிடலாம். குளிர்பானப் புட்டியின் அடியை வெட்டி, கவிழ்த்து, வாயில் துணி கட்டி, ஐந்து சென்டிமீட்டர் மணல் போட்டுத் தட்டி, மேலே ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து, சென்டிமீட்டர் சென்டிமீட்டராகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே போவது, ஒவ்வொரு படிக்கும் ஐந்து நிமிடம் பொறுத்து. எந்த உயரத்தில் கீழே சொட்டுகிறதோ அதுதான் விடை. கணக்காகவும் போட்டுப் பார்க்கலாம்: கோணம் 110 பாகை, துகள் இடுக்கின் ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் தாங்கும் உயரம் 5 சென்டிமீட்டர். ஆரம் பாதியானால் 10. அதாவது பூச்சை மேம்படுத்துவதைவிட மணலைப் பொடியாகச் சலிப்பது அதிக பலன் தரும். அவன் விலை கூடிய பூச்சை விட்டுவிட்டுச் சல்லடையை மாற்றினான்.

என்னிடம் இப்போது இருப்பது

ஒரு டிராப்பர், பேட்டரி தண்ணீர், சல்லடை, பழைய நல்ல மண் ஒரு டப்பா. ஆறு புட்டிகளும் இருக்கின்றன, துளி பத்து நிமிடத்தைத் தாண்டினால் மட்டும் எடுப்பேன். ஒரு சாதனம்தான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் டிராப்பர். மறுக்கும் மண்ணைத் தண்ணீர் குடிக்கவைக்கும் நனைப்பான் மருந்து விற்க வருபவரிடம் அளவு எவ்வளவு போட வேண்டும் என்று பேரம் பேசும் நிலையில் இருப்பவர்கள் புட்டி வரிசையையும் வைத்துக்கொள்ளுங்கள். அரை அளவு மருந்துக்கும் முழு அளவுக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

நார்த்தூளுக்கு மட்டும் ஒரு திருத்தம். அது மண் மாதிரி சமமாகப் பரவாது, பஞ்சு மாதிரி இருக்கும்; துளி இழைகளுக்கு நடுவே விழுந்து மறைந்துவிட்டால் உறிஞ்சப்பட்டது என்று ஏமாந்துவிடுவோம். தட்டையான பலகையால் அழுத்தி, பிறகு துளி விட வேண்டும்.

இந்த ஜனவரியில் பை நிரப்பும் முன் ஒரு லோடு காட்டு மண் வந்தது. வண்டியில் மூன்று இடத்தில் அள்ளி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, அக்காவே ஒன்பது துளி விட்டார். லோடு வண்டி டிரைவர் வாசலில் பீடி பிடித்துக்கொண்டு காத்திருந்தார், மண்ணுக்கு இப்படியொரு பரீட்சையா என்று. ஐந்தாவது துளி 40 நொடி.

“இறக்கலாங்களா தம்பி?”

அடிவாரத்துச் செம்மண் ஒரு மூட்டை கிடந்தது. பத்துக்கு ஒரு பங்கு கலந்து, நனைத்து, மறுபடி உலர்த்திப் பார்ப்போம் என்றேன். 9 நொடி வந்தது. பாதி லோடை இறக்கிக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்பினோம்.